சிவப்பு மேலே இருந்தால் போர்

ஷார்ஜாவில் இருந்த நாட்களில் நான் ஒரு இடத்தில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல உட்கார்ந்தேனா என்றால், இல்லை. எனக்கு எப்போதுமே காலில் சக்கரம்தான், என் வீட்டில் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் அங்கே நான் அலைந்ததற்குக் காரணம் கால் இல்லை, வாய்.

சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் மேனேஜர் நான். தொண்ணூற்றெட்டு ஜூனில், அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகள் இருக்கும் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போய் வளைகுடாப் பக்கம் ஆர்டர் பிடித்து வா என்று முதலாளி அனுப்பினார். ஷார்ஜாவின் ரோலா கடைவீதியில் சாகுல் பாய் கடைதான் எனக்குத் தங்குமிடமும். கீழக்கரைக்காரர். பேனா, நோட்டு, கிஃப்ட் சாமான், பண்டிகைக்குப் பண்டிகை வாழ்த்து அட்டை. நாலு வருஷமாக எங்கள் காலண்டர்தான் வாங்குகிறார்.

அந்த வருஷம் அவர் மூலமாக ஒரு விசித்திரமான ஆர்டர் வந்திருந்தது. அங்கே வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரர்கள் சிலர் சேர்ந்து கொடுத்தது. ஸ்பெயின்காரனிடமிருந்து நாங்கள் விடுதலை என்று அவர்கள் நாடு அறிவித்து நூறு வருஷம் ஆகிறதாம். அதற்காக ஜூனில் தொடங்கி மறு ஜூனில் முடியும் காலண்டர், பதிமூன்று தாள். தாளுக்கு ஒரு படம், படத்துக்கு அடியில் நாலு வரி சரித்திரம். மேல் அட்டையில் பெரிதாக அவர்கள் கொடி. ஜனவரியில் தொடங்காத காலண்டரை நான் அதுவரை பார்த்ததில்லை. முந்நூறு அடித்து ஏர் கார்கோவில் எனக்கு முன்னாலேயே அனுப்பியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை, பன்னிரண்டாம் தேதி விழா. நான் போய் இறங்கியது திங்கட்கிழமை.

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை, வேர்த்ததைத் தவிர. நம் ஊர் வெயிலில் உடம்பு காயும். அங்கே வேகிறது. கடைக்கு மேலே ரூமில் ஆறு பேர், ஏழாவது நான். சாகுல் பாய் அவர் கையாலேயே நெய்ச்சோறு ஆக்கிப் போட்டார். "அண்ணாச்சி, நல்லாச் சாப்டுங்க. நாளைக்கு அந்த பிலிப்பைன்ஸ் நர்ஸம்மா பார்சல் பிரிக்க வருது. உங்க வேலையப் பாத்து அசந்துபோகும்" என்றார்.

அசந்துதான் போனாள்.

லூர்தஸ் என்று பேர். ஒரு கிளினிக்கில் நர்ஸ். நாற்பது வயதிருக்கும், சின்ன உருவம், வெள்ளை யூனிபாரத்தோடு டூட்டியிலிருந்து நேரே வந்திருந்தாள். நம் தூத்துக்குடிப் பக்கம் வீட்டுக்கு ஒரு லூர்து உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பார்சலைப் பிரித்து மேலே இருந்த காலண்டரைக் கையில் எடுத்தவள், அப்படியே நின்றுவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரப் போகிறது என்று நினைத்தேன். பெருமையில்தான் என்று நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

"மிஸ்டர், இது போர்" என்றாள் இங்கிலீஷில்.

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். அவர்கள் கொடியில் இடது ஓரம் வெள்ளை முக்கோணம், அதில் ஒரு சூரியன், மூன்று நட்சத்திரம். மேலே நீலப் பட்டை, கீழே சிவப்புப் பட்டை. நீலம் மேலே இருந்தால் நாடு சமாதானமாக இருக்கிறது. அதே கொடியைத் தலைகீழாக்கி, சிவப்பை மேலே ஏற்றினால் நாடு போரில் இருக்கிறது. வேறெந்த நாட்டுக் கொடிக்கும் இப்படி ஒரு வழக்கம் உண்டா என்று எனக்குத் தெரியாது. முந்நூறு அட்டையிலும் சிவப்பு மேலே இருந்தது.

"விழாவுக்குப் பெரியவங்க எல்லாரும் வர்றாங்க. நான்தான் பொறுப்பு. நூறாவது வருஷம் அதுவுமா, நாம யார் மேல போர் தொடுத்திருக்கோம்னு கேப்பாங்க" என்றாள்.

"ஃபேக்ஸ்ல புரூஃப் அனுப்பினோமே மேடம், நீங்க ஓகேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

"ஃபேக்ஸ் கறுப்பு வெள்ளை, மிஸ்டர்."

அதுவும் சரிதான். சாம்பல் நிறத்தில் ரெண்டு பட்டை, எது நீலம், எது சிவப்பு என்று யார் கண்டது? சாகுல் பாய் என்னைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் அட்டையைப் பார்த்தேன். ஏனென்றால் என்ன நடந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் பிரஸ்ஸில் ஆர்ட்டிஸ்ட் சங்கரலிங்கம். படம், எழுத்து எல்லாவற்றையும் வெட்டி ஒட்டி, அச்சு பிளேட் போடத் தயார் பண்ணிக் கொடுப்பவர். இருபது வருஷமாகக் கத்தி பிடிக்கிற கை. மாதிரிக்கு என்று லூர்தஸ் ஒரு சின்னத் துணிக்கொடியைக் கவரில் மடித்து அனுப்பியிருந்தாள். அதில் மேல் எது, கீழ் எது என்று எழுதியிருக்கவில்லை. சங்கரலிங்கம் அட்லாஸைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, இதுல நீலம்தான் மேல" என்றார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காலண்டர் தொழிலில் இருப்பவனைக் கேளுங்கள், மேலே சிவப்பு இருந்தால்தான் மங்களம். அம்மன் படமானாலும் பட்டாசுக் கம்பெனி படமானாலும் உச்சியில் சிவப்பு அடிக்காமல் நாங்கள் விட்டதில்லை. "மங்களகரமாச் சிவப்ப மேல வைய்யா, பார்ட்டிக்குப் பிடிக்கும்" என்றேன். அவர் ஒருமுறை தலையைச் சொறிந்தார். அப்புறம் வைத்துவிட்டார்.

இதை அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாகுல் பாய் கடை போனிலிருந்தே சிவகாசிக்கு அடித்து, அந்தம்மா பார்க்கப் பார்க்க, கையை ஆட்டி ஆட்டிக் கத்தினேன்.

"முதலாளி, சங்கரலிங்கம் கொடியத் தலைகீழா ஒட்டி மானத்தை வாங்கிட்டான்!"

"அவனா? அவன் அப்படிச் செய்ற ஆளில்லையே?"

"கண்ணு மங்கிருச்சு போல முதலாளி."

இதை ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. நாக்கு தானாகப் போய்விட்டது. முதலாளி அதோடு முடிவு பண்ணிவிட்டார். "ஆடியில ஆர்டர் வேலை தலைக்கு மேல கெடக்கும். கண்ணு தெரியாதவனை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? இந்தச் சனிக்கிழமையோட நிப்பாட்டிர்றேன்" என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போனை வைத்தேன்.

சாகுல் பாய்க்குத் தமிழ் தெரியுமே. பார்சலைக் கட்டிக்கொண்டே, "பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு ஆகிறாமப் பாத்துக்கங்க அண்ணாச்சி" என்றார். மனுஷனுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

புதன்கிழமை முழுக்க ஸ்டிக்கர் பைத்தியம் பிடித்து அலைந்தேன். சரியான கொடியை ஸ்டிக்கராக அடித்து மேலே ஒட்டிவிடலாம் என்பது என் திட்டம். முதல் பிரஸ்ஸில் ஒரு வாரம் ஆகும் என்றான். இரண்டாவது பிரஸ்ஸில் இருந்த மலையாளி, "வேற நாட்டுக் கொடி அடிக்கணும்னா லெட்டர் வேணும் சேட்டா, லெட்டர் இல்லேன்னா மாஃபி, கிடையாது" என்று கையை விரித்தார். மூன்றாவது பிரஸ் குசைஸில் இருக்கிறது, துபாய் பக்கம், அங்கே போங்கள் என்று யாரோ சொன்னார்கள்.

ஷேர் டாக்ஸியில் ஏறினேன். பாகிஸ்தான் பட்டாணி டிரைவர், ஏசி போன வண்டி. "ஏசி எங்க பாய்?" என்று பின்னால் ஒருவர் இந்தியில் கேட்டார். "ஜன்னல்ல" என்றார் டிரைவர். பாதி வழியில் இன்ஜினும் படுத்துக்கொண்டது. எல்லோரும் இறங்கி ரோட்டோரம் நின்றோம். தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது. அப்போது ஒரு பஸ் வந்து நின்றது. குசைஸ் போகுமா என்று கேட்டேன், உள்ளேயிருந்து யாரோ தலையாட்டினார்கள். ஏறிவிட்டேன்.

அது கம்பெனி பஸ். சைட்டிலிருந்து கேம்ப்புக்குத் திரும்புகிறவர்கள். நீல யூனிபாரமும் சிமென்ட் தூசியுமாக எல்லோரும் தூங்கி விழுந்துகொண்டிருக்க, வெள்ளைச் சட்டையும் ஆல்பம் பையுமாக நான் ஒருத்தன். பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, "தமிழா? புது ஃபோர்மேனா?" என்றார். பெரம்பலூர்க்காரராம். குசைஸ் போகணும் என்றேன். "குசைஸ் தாண்டிப் பத்து நிமிஷம் ஆச்சேண்ணே. இது சோனாப்பூர்" என்று சிரித்தார். போன வேலை நடக்காவிட்டாலும் கேம்ப் வாசலில் ஒரு டீ வாங்கித் தந்தார். டீ நன்றாக இருந்தது. ஆனால் சனிக்கிழமை, சனிக்கிழமை என்று மண்டைக்குள் ஒரே இரைச்சல். சங்கரலிங்கத்துக்கு இரண்டு பெண் பிள்ளைகள். கண் மங்கின ஆர்ட்டிஸ்ட் என்று பேர் வாங்கியவனை சிவகாசியில் எந்த பிரஸ் சேர்க்கும்? நான் திரும்பிவந்து சேர்வதற்குள் குசைஸ் பிரஸ்காரன் பூட்டிக்கொண்டு போய்விட்டான்.

வியாழக்கிழமை காலை லூர்தஸ் தன் ரூமுக்கு வரச் சொல்லியிருந்தாள். அவளுக்கு அன்றைக்கு லீவ். அவளும் இன்னும் இரண்டு பெண்களும், முந்நூறு காலண்டரைச் சுவரோரம் அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்ன கோபமிருந்தாலும் வந்தவனுக்குச் சோறு போடுவதில் நம்மை மிஞ்சிவிட்டார்கள். காடி ஊற்றி வேகவைத்த கோழி, வெறும் சோறு, பொரித்த கருவாடு. கருவாட்டு வாசனை அடித்ததும் பாதி உயிர் திரும்பி வந்தது. நன்றாக இருக்கிறது என்றேன். "கீழ் ரூம் ஆளுங்க தினமும் கம்ப்ளெயின்ட் பண்றாங்க" என்றாள். உலகம் முழுக்கக் கருவாட்டுக்காரனுக்கு ஒரே கதிதான்.

சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் காலண்டரைப் புரட்டினேன். இரண்டு மாசம் என் மேஜையில் கிடந்த சரித்திரம். ஒரு வரிகூட நான் படித்ததில்லை. அவளே தாள் தாளாகச் சொன்னாள். ஸ்பெயின் இளவரசன் ஒருவன் பேரையே நாட்டுக்கு வைத்துவிட்டார்களாம். முந்நூற்று முப்பத்து மூன்று வருஷம் ஆண்டார்களாம். ஆளுக்கொரு குடும்பப் பேர் வேண்டும் என்று ஸ்பெயினிலிருந்து பேர்ப் பட்டியல் கொண்டுவந்து ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்தார்களாம். சில ஊர்களில் இன்றைக்கும் எல்லார் குடும்பப் பேரும் ஒரே எழுத்தில்தான் தொடங்குமாம். இடையில் இங்கிலீஷ்காரன் மணிலாவைப் பிடித்தபோது மெட்ராஸ் சிப்பாய்களைக் கூட்டிப்போனானாம். அதில் சிலர் திரும்பாமல் அங்கேயே பெண் கட்டித் தங்கிவிட்டார்களாம். "உங்க சொந்தக்காரங்க எங்க ஊர்ல இருக்காங்க, மிஸ்டர்" என்றாள். அவள் கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

என்னைத் தூக்கிவாரிப் போட்டது இன்னொரு சங்கதி. ஸ்பெயின்காரன் மெக்ஸிகோ வழியாகக் கப்பலில் வந்ததால், அவர்கள் தேதி அக்கம்பக்கத்து நாடுகளைவிட ஒரு நாள் பின்தங்கியே இருந்ததாம், முந்நூறு வருஷமாக. கடைசியில் அதைச் சரிபண்ண ஒரு வருஷம் டிசம்பர் முப்பத்தொன்றையே எடுத்துவிட்டார்களாம். முப்பது முடிந்ததும் ஜனவரி ஒன்று. அடப்பாவிகளா! ஒரு நாள் தாள் விட்டுப்போனால் எங்கள் முதலாளி பைண்டிங் செக்‌ஷனையே உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். இவர்கள் தேசத்துக்கே ஒரு தாளைக் கிழித்திருக்கிறார்கள். வாய்விட்டுச் சிரித்தேன். அந்தப் பெண்களும் சிரித்தார்கள்.

அப்புறம் கடைசித் தாள்களுக்கு வந்தாள். முதல் கொடியைத் தைத்தது சொந்த மண்ணில் இல்லை, ஹாங்காங்கில், மூன்று பெண்கள். அந்தக் கொடியை ஏற்றித்தான் ஜூன் பன்னிரண்டில் விடுதலை என்று அறிவித்தார்கள். அந்த வருஷம் முடியுமுன்னே ஸ்பெயின்காரனும் அமெரிக்காக்காரனும் பாரிஸில் உட்கார்ந்து பேசி, நாட்டை ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் கைக்கு மாற்றிக்கொண்டார்கள். "எங்க ஆள் ஒருத்தர் அங்கே போயிருந்தார். உள்ளே விடலை" என்றாள். "எங்களைப் பத்திதான் பேச்சு. எங்களை ஒரு வார்த்தை கேக்கலை. அதுக்கப்புறம்தான் அமெரிக்காவோட போர். அப்போதான் சிவப்பு மேலே ஏறிச்சு."

காலண்டரை மூடினாள். "செவ்வாய்க்கிழமை போன்ல யாரைத் திட்டினீங்க?" என்று கேட்டாள்.

"எங்க ஆர்ட்டிஸ்ட்டை."

"அவர் லைன்ல இருந்தாரா?"

"இல்ல. எங்க முதலாளிகிட்ட பேசினேன்."

"ஓ" என்றாள். அவ்வளவுதான். தட்டுகளை எடுத்துக்கொண்டு கிச்சனுக்குப் போய்விட்டாள்.

எனக்கு அங்கே இருக்க முடியவில்லை. படியில் இறங்கி, உச்சி வெயிலில் ரோலா பார்க் ஓரமிருந்த டெலிபோன் கூண்டுக்குள் போய் கார்டைச் செருகினேன். கூண்டு அடுப்பு மாதிரி கொதித்தது. முதலாளியே எடுத்தார்.

"முதலாளி, சங்கரலிங்கத்துகிட்ட கேட்டீங்களா?"

"எதுக்குக் கேக்கணும்? நீதான சொன்ன."

"நான் சொன்னது பொய். அவரு நீலம்தான் மேலன்னாரு. சிவப்ப வைக்கச் சொன்னது நான். கண்ணு மங்கலும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது."

கார்டில் நிமிஷங்கள் குறைந்துகொண்டே இருந்தன. "கிறுக்குப்பய" என்றார் கடைசியில். "செவ்வாய்க்கெழமையே அவன்கிட்ட சொல்லிட்டேன்யா, சனிக்கெழமையோட நின்னுக்கோன்னு. இரு, அவனக் கூப்பிடுறேன். வேலையில இருக்கச் சொல்லி நீயே பேசு."

மெஷின் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல். "சொல்லுங்க அண்ணாச்சி."

சொன்னேன். ஒரே மூச்சில், மூக்கு ஒழுக, எல்லாவற்றையும் சொன்னேன். "கண்ணைப் பத்தி முதலாளி சொன்னப்பவே நீங்கதான்னு நெனச்சேன்" என்றார்.

"நீ ஏன்யா உண்மையச் சொல்லல?"

"யாரு கேட்டா?"

அவரே மேலே பேசினார். "அது கெடக்கட்டும். கொடிக்கு என்ன செஞ்சீங்க? நாளைக்குல்ல விழா?"

"ஸ்டிக்கருக்கு அலையுறேன். கிடைக்கல."

"ஸ்டிக்கர் எதுக்கு? கொடிய மட்டும் ஓரத்துல சுத்திக் கத்தி போட்டு எடுங்க. தலைகீழாத் திருப்பி அதே ஓட்டையில வச்சுப் பின்னால டேப் ஒட்டுங்க. நீலம் மேல வந்துரும்."

"முக்கோணம் வலப்பக்கம் போயிருமே?"

"போகட்டுமே. கொடிக்கு ரெண்டு பக்கம் உண்டுல்ல? அந்தப் பக்கமா நின்னு பாக்குறவனுக்கு வலப்பக்கம்தான் தெரியும். சூரியனுக்கு எட்டுக் கதிர், எப்படித் திருப்புனாலும் ஒண்ணுதான். நட்சத்திரம் மூணும் மூலையப் பாத்துத்தான் நிக்குது. தப்பே தெரியாது அண்ணாச்சி. அஞ்சு அட்டைக்கு ஒரு பிளேடு மாத்துங்க, இல்லாட்டி பிசிறடிக்கும்."

செவ்வாய்க்கிழமை அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். "முதலாளிகிட்ட பேசிட்டேன்யா. நீ எங்கயும் போக வேண்டாம், எப்பவும்போல வா" என்றேன்.

"இல்ல அண்ணாச்சி. நான் வரல."

"அதான் தப்பு என்னோடதுன்னு ஒத்துக்கிட்டேனே?"

"நீங்க ஒத்துக்கிட்டீங்க. இருபது வருஷம் என் கையப் பாத்த முதலாளி, என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கலையே. கேக்காத எடத்துல எனக்கு என்ன வேலை? சனிக்கெழமையோட நான் நின்னுக்கிடுறேன்." கோபமே இல்லாமல்தான் சொன்னார். போனை அவர்தான் வைத்தார்.

சாகுல் பாய் கடையில் ஒரு பெட்டி பிளேடும் டேப்பும் வாங்கிக்கொண்டு லூர்தஸ் ரூமுக்கு ஓடினேன். முதல் அட்டையை நானே வெட்டித் திருப்பி வைத்துக் காட்டினேன். மூன்று பெண்களும் குனிந்து பார்த்தார்கள். ஒருத்தி தன் துணிக்கொடியைத் தூக்கிப் பிடித்து, சுற்றிவந்து அந்தப் பக்கமாக நின்று பார்த்தாள். அவர்கள் பாஷையில் ஏதோ கத்தினாள். சரியாக இருக்கிறது என்றுதான் இருக்க வேண்டும், மற்ற இருவரும் உடனே தரையில் உட்கார்ந்து பிளேடைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

"இதை யார் சொன்னது?" என்று லூர்தஸ் கேட்டாள்.

"நான் திட்டின ஆள். தப்பு அவரோடது இல்ல மேடம். என்னோடது. அவர் சரியா வைக்கத்தான் பார்த்தார், நான் விடலை. பழியையும் அவர் மேல போட்டேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நல்லதாக நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஒரு கட்டு அட்டையை என் பக்கம் தள்ளி, "அப்போ நூறு நீங்க வெட்டுங்க" என்றாள்.

வெட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து, "அவர் வேலை?" என்றாள்.

"போயிருச்சு. இப்போ திரும்பக் கூப்பிட்டோம். வரமாட்டேன்னு சொல்லிட்டார்."

"ஏன்?"

"தன்னைக் கேக்காத இடத்துல இருக்க மாட்டாராம்."

லூர்தஸின் கை நின்றது. அந்த மூன்று நாளில் அவள் என் முன்னால் மனம்விட்டுச் சிரித்தது அப்போதுதான். "குட்" என்றாள். மற்ற இரண்டு பேருக்கும் அவர்கள் பாஷையில் அதைச் சொன்னாள். அவர்களும் பிளேடை வைத்துவிட்டுக் கேட்டார்கள், முகம் தெரியாத ஒரு சிவகாசிக்காரருக்காகத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். பிறகு குனிந்து மறுபடி வெட்ட ஆரம்பித்தார்கள்.

ஊரில் போய் இறங்கியதும் நேரே சங்கரலிங்கம் வீட்டுக்குப் போகவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வேலைக்குக் கூப்பிட இல்லை. அப்படிக் கூப்பிடும் யோக்கியதை எனக்கு இல்லை. முகம் பார்த்து மன்னிப்புக் கேட்க. பிளேடை மாற்றிக்கொண்டு அடுத்த அட்டையை எடுத்தேன்.